கயிறு இல்லாத கயிறிழுப்பு

நாடகப் பட்டறையின் முதல் நாள் காலையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மேடையேற்றத்தைப் பிறகும் பார்க்கலாம். ஒருவரையொருவர் அறியாத இருபது பேர் கூச்சம் கலைந்து ஒரு குழுவாவதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் வெறும் கும்மாளமாகத்தான் தெரியும்.

அன்று காலை ஆடப்படும் விளையாட்டுகளில் பல, வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க நாடக ஆசிரியை வழியாகப் பரவியவை. சிகாகோவில் நெவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர் அவர். பின்னாளில் அதே நகரில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது, பாடத்தைவிட விளையாட்டு சுலபமாகப் போய்ச் சேர்வதைக் கண்டார். 1963இல் அவற்றையெல்லாம் புத்தகமாக்கினார். கூச்சப்படுகிறவரின் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கும். அந்தக் கவனத்துக்கு வேறொரு வேலை கொடுத்துவிடுகிறது விளையாட்டு.

‘யார் தொடங்கியது?’ விளையாட்டைப் பாருங்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, வட்டத்தில் ஒருவரைத் தலைவராக்குவார்கள். அவர் தலையைச் சொறிந்தால் எல்லோரும் சொறிய வேண்டும். உள்ளே வருபவர் தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் கண்டுபிடிப்பவரைக் கவனிக்காமல் மற்றவர்களின் கண்களைக் கவனியுங்கள். முதல் சுற்றில் எல்லோரும் தலைவரையே உற்றுப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். போகப் போக, எதிரே நிற்பவரைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் அசைவை வாங்கிக்கொள்ளப் பழகுவார்கள். மேடையில் சக நடிகரைத் திரும்பிப் பார்க்காமலே உணர்வது இங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கயிறிழுப்பு. இரண்டு பேர் இல்லாத கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தால் கயிறு நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதாவது, ஒரே கயிற்றைப் பிடிக்காமல் ஆளுக்கொரு கயிறு வைத்திருக்கிறார்கள். ஒருவர் இழுக்கும் அளவுக்கு மற்றவர் சரியாக முன்னால் வந்தால், நம் கண்ணுக்கே கயிறு தெரிய ஆரம்பிக்கும். அதனால் இழுபட்டுப் போகிறவரைத்தான் ரசிக்க வேண்டும். தோற்க ஒப்புக்கொண்டு அந்தக் கயிற்றை உண்டாக்கியவர் அவரே.

ஆசிரியரையும் பாருங்கள். நல்ல ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். ஓரத்தில் நின்றபடி, “கயிறு எவ்வளவு கனம்?” என்று சின்னதாகக் குரல் கொடுப்பார். முடிந்ததும் ‘பிரமாதம்’, ‘மோசம்’ என்று தீர்ப்பு சொல்லாமல், பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களிடம், “கயிறு ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்துச்சா?” என்று கேட்பார். மதிப்பெண்ணுக்குப் பயந்தே வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தோள் தளர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. மாறாக, கூச்சமுள்ள பிள்ளையைத் தனியாக நடுவில் நிறுத்தி மற்றவர்களைச் சிரிக்க வைப்பது எந்தப் பெயரில் நடந்தாலும் கொடுமைதான். அதற்குக் கைதட்டாதீர்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் சில ஆசிரியர்கள் வட்டத்துக்குள் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.