தாழ்ந்து ஓடும் கார், சேர்ந்து எழுந்த பாட்டு: லோரைடரும் மேற்குக் கடற்கரை ராப்பும்

1964ஆம் ஆண்டின் ஷெவ்ரலே இம்பாலா, அமெரிக்க மேற்குக் கடற்கரை ராப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாத்திரம். 1987இல் ஈஸி-இ பாடிய ‘பாய்ஸ் இன் தி ஹூட்’, 1992இல் டாக்டர் ட்ரேயும் ஸ்னூப்பும் சேர்ந்து பாடிய ‘நத்திங் பட் எ ஜி தாங்’, 1995இல் வந்த ஸ்கீ-லோவின் ‘ஐ விஷ்’ என மூன்றிலும், வரியிலோ காட்சியிலோ, அந்தக் கார் உண்டு. இவற்றைக் கறுப்பின இளைஞர்களின் செல்வப் பெருமிதமாக மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பு பாதி உண்மைதான். இந்தக் காரும் இந்தப் பாட்டும் கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளியினர் என இரண்டு சமூகங்கள் கொடுத்தும் வாங்கியும் வளர்த்த கூட்டுப் படைப்புகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் சிகானோக்கள் எனப்படும் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கிச் செப்பனிட்டார்கள். வண்டியின் வேகத்தைக் கூட்ட மற்றவர்கள் பாடுபட்ட காலம் அது. இவர்களோ டிக்கியில் மணல் மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஊரே பார்க்க மெதுவாக ஓட்டினார்கள். இப்படித் தாழ்ந்து ஓடும் கார்தான் லோரைடர். கலிஃபோர்னியா அரசு சும்மா இருக்கவில்லை. சக்கரத்தின் ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று 1958இல் சட்டம் வந்தது. சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிர்ரே அதற்கும் ஒரு வழி கண்டார். விமானங்களுக்கான ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைக் கண்டால் வண்டி எழும். அவர்கள் போனதும் தாழும்.

இன்றும் அடிப்படை அதுதான். டிக்கியைத் திறந்தால் பெட்டி வைக்க இடமிருக்காது: வரிசையாக பேட்டரிகள், பக்கத்தில் பம்பு, எண்ணெய்த் தொட்டி. ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கோடும் ஒரு சிலிண்டர் இருக்கும். ஓட்டுபவர் சுவிட்சைத் தட்டியதும் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். அந்த மூலை மேலெழும். வால்வு திறந்தால் வண்டியின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். முன்பக்கச் சுவிட்சைத் தாளம் தப்பாமல் தட்டினால் வண்டி குதிக்கும். நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங் கொண்ட இம்பாலா இதற்குத் தோதாக அமைந்தது. வெல்டர், பெயின்டர், மெத்தை தைப்பவர், எலக்ட்ரீஷியன் எனப் பலருடைய கை பட்டால்தான் ஒரு லோரைடர் உருவாகும்.

இந்தக் கைவேலையின் உச்சம் ‘ஜிப்ஸி ரோஸ்’. இம்பீரியல்ஸ் கார் கிளப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸின் 1964 இம்பாலா அது. இளஞ்சிவப்பு உடலெங்கும் ரோஜாக்கள், உள்ளே வெல்வெட் மெத்தை. இத்தகைய கார்கள் ஊர்ந்த விட்டியர் பூல்வார்ட் சாலையை 1979இல் போலீஸார் அவற்றுக்கு மூடினார்கள். 2017இல் அதே ‘ஜிப்ஸி ரோஸ்’ அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறி, வாஷிங்டனின் நேஷனல் மாலில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இரு சமூகங்களின் கொடுக்கல் வாங்கல் இசையிலும் நடந்தது. சிகானோக்களின் லோரைடரைப் பாட்டுடைத் தலைவனாக்கி 1975இல் ‘லோ ரைடர்’ பாடலைத் தந்தது, கறுப்பினக் கலைஞர்கள் நிறைந்த ‘வார்’ குழு. இன்னும் தெளிவான சான்று ‘விவா டிராடோ’. கறுப்பின ஜாஸ் மேதை ஜெரால்ட் வில்சன் 1962இல் ஒரு மெக்சிகக் காளைப்போர் வீரரைப் போற்றி அமைத்த இசை அது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் ‘எல் சிகானோ’ குழு 1970இல் அதை வாசித்துப் புகழ்பெற்றது. 1990இல் கிட் ஃப்ராஸ்ட் அதன்மேல் ‘லா ராசா’ என்ற சிகானோ ராப்பை எழுப்பினார். ஒரே மெட்டு மூன்று தலைமுறைகளில் இரு சமூகங்களுக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

ராப்பின் இம்பாலா பாடல்களும் தனியாள் படைப்புகள் அல்ல. ‘பாய்ஸ் இன் தி ஹூட்’டை எழுதியவர் ஐஸ் கியூப், இசையமைத்தவர் டாக்டர் ட்ரே, நியூயார்க் குழுவொன்று பாட மறுத்ததால் ஒலிவாங்கி முன் நின்றவர் ஈஸி-இ. ‘நத்திங் பட் எ ஜி தாங்’கில் ட்ரேயும் ஸ்னூப்பும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 95 தட்டுகளை ஒட்டிய அதன் நிதானமும் ஆழ்ந்த பேஸும் ஊர்ந்து செல்லும் காருக்கென்றே அளவெடுத்தவை. ட்ரேயின் ‘லெட் மீ ரைட்’ இன்னும் பின்னோக்கிப் போகிறது. அது கையாளும் ‘பார்லிமென்ட்’ குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாடல், அடிமைக்காலத்து ஆன்மிகப் பாட்டு ஒன்றின் வரியை எடுத்தாண்டது. விண்ணுலகுக்கு அழைத்துப்போக வரும் தேர், பார்லிமென்டிடம் விண்கலமாகி, ட்ரேயிடம் இம்பாலாவாகிறது. இந்தப் பாடல்கள் கொண்டாடுவது காரின் விலையை அல்ல, தடையின்றித் தெருவில் போகும் உரிமையை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடல்களின் காணொளிகள் பலவற்றில் பெண்கள் காருக்குப் பூட்டிய அலங்காரமாக நிற்கிறார்கள். குடும்பத்தோடு கூடும் கார் கிளப்களின் மரபைத் துப்பாக்கிக் கும்பல்களின் கதை மறைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, காரை உலகறியச் செய்த பாட்டு அதைச் செய்த சிகானோ கைகளைப் பெரும்பாலும் பேசவில்லை.

2023இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் 1958ஆம் ஆண்டுத் தடையை நீக்கியது. நகரங்கள் இந்த ஊர்வலங்களைத் தடுக்கும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. இசை வரலாற்றை எழுதுபவர்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. மேற்குக் கடற்கரை ராப்பை இனி ஆராய்பவர்கள் பாடகர், பாடலாசிரியர் பெயர்களோடு நின்றுவிடாமல், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பட்டறைகளின் வரலாற்றையும் அதே அக்கறையோடு தேடித் தொகுக்க வேண்டும்.