ஏலமலை ஜீப்பும் மாற்று இன்ஜினும்

சமவெளியில் பெருமைக்காக வாங்கி நிறுத்தப்படும் வாகனம் வேறு. போடிநாயக்கனூரில் விடியுமுன் கிளம்பி, முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறி, அங்கிருந்து தாரைக் கண்டறியாத தோட்டப் பாதையில் உர மூட்டைகளோடும் ஆட்களோடும் இறங்கி, பொழுது சாயும் வேளையில் பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுவந்து சேர்க்கும் ஜீப் வேறு. அந்த ஜீப்புக்கு இன்ஜின் மாற்றுவது ஆசைக்காகச் செய்கிற காரியமன்று. பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆகையால்தான், தம்முடைய பழைய மகிந்திரா எம்.எம். 540 வண்டியில் இருந்த பீஜோ இன்ஜினை இறக்கிவிட்டு, டர்போ பொருத்திய டி.ஐ. இன்ஜினை ஏற்றியிருந்த தோட்டக்கார நண்பர் ஒருவர், ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டபோது, மிகுந்த சிரத்தையோடு அந்தப் பரீட்சைக்கு உடன்பட்டேன்.

எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் பழைய பீஜோ இன்ஜின் 2112 சி.சி. கொள்ளளவு கொண்டது, நிமிஷத்துக்கு 4500 சுற்றில் 62 குதிரைசக்தி தரக்கூடியது. இப்போது ஏறியிருப்பது 2523 சி.சி.; இதே வமிசத்து இன்ஜின் 2010-இல் வெளிவந்த மகிந்திரா தார் டி.ஐ. வண்டியில் 3200 சுற்றில் தந்தது 63 குதிரைசக்திதான். ஒரு குதிரைசக்திக்காகவா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் இழுவையின் கணக்கைப் பார்க்க வேண்டும். இழுவையைத் தரும் முறுக்குவிசை பழையதில் சுமார் 120 நியூட்டன் மீட்டர், தார் டி.ஐ.யிலோ 182.5, அதுவும் 1500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மலையில் பாரம் இழுக்கிறவனுக்கு வேண்டியது உச்ச வேகத்தில் பிறக்கும் சக்தியல்ல, சக்கரம் உருளத் தொடங்கும் அந்தக் கணத்தில் கைகொடுக்கும் சக்தியே என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையேறினோம். மேலே செல்லச்செல்ல வித்தியாசம் தெளிவாயிற்று. சுமார் 1400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், டர்போ இல்லாத டீசல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். டர்போ அந்த மெலிந்த காற்றையே அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்தக் குறை பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. கேரளத்துப் பக்கமிருந்து இறங்கிவந்த லாரிக்கு வழிவிடுவதற்காக ஒரு வளைவின் நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு, கிளட்சை மெல்ல விட்டு, அது பிடித்ததும் கைபிரேக்கை விடுவித்தேன். வண்டி பின்னால் ஓர் அங்குலமும் நழுவாமல், கிளட்ச் தீயும் வாடையும் இல்லாமல், நிதானமாக நகர்ந்தது. "பழைய இன்ஜின்னா இந்த எடத்துல அலறவிட்டுத்தான் சார் எடுக்கணும்" என்றார் பக்கத்தில் இருந்த டிரைவர்.

தோட்டப் பாதையில், மழையில் ஊறிய செம்மண்ணிலும் உருண்டைக் கற்களிலும், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து லோ கியரில் போட்டபின், ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே அவசியமில்லாமல் வண்டி ஊர்ந்து ஏறிற்று. இன்னொரு சௌகரியத்தையும் சொல்ல வேண்டும்: மலைக் குளிரில் பீஜோவுக்கு ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.ஐ. இன்ஜினோ சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது.

குறைகளும் உண்டு. சுற்று 3200-உடன் நின்றுவிடுவதால், பழைய ஆக்சில் பல் விகிதத்தோடு தேனிச் சாலையில் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் இரைச்சலும் அதிர்வும் பேச்சை விழுங்கிவிடுகின்றன. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாதது பிரேக். இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்கியும்கூட, பழைய டிரம் பிரேக்குகள் பாதி மலையிலேயே உஷ்ணமேறி, மிதிகட்டை ஆழமாய்ப் போகத் தொடங்கியது. ஓரிடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிட்ட பின்பே தொடர்ந்தோம். சக்தியைக் கூட்டுவதற்கு முன் பிரேக், அடுத்து ரேடியேட்டர், அதன்பின் கிளட்ச், கடைசியாகவே இன்ஜின் என்ற கிரமத்தில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பட்டறைகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

சட்டத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாதென்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறாமல் பழைய இன்ஜினில் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

சொந்தத் தோட்டத்துக்குச் சரக்கு இழுப்பவருக்கு இந்த மாற்றம் தகும். தேனிக்கும் போடிக்கும் இடையே ஓட்டுபவருக்குத் தகாது. இழுவை கூடிவிட்டதென்று, விடியற்காலையில் மலைக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை இன்னும் நாலு பேராகச் சேர்த்து அடைக்கும் எண்ணம் உள்ளவர்கள், தயவுசெய்து பழைய இன்ஜினோடேயே இருந்துவிடுங்கள்.