நல்ல பெயரும் நாட்டின் பொருளும்

நாட்டுக்குப் பெயர் இடுவோர் இரு வகையினர். அங்கே வாழ்வோர் ஒரு வகை. பிறரை அங்கே அழைக்க விரும்புவோர் மற்றொரு வகை. கிரீன்லாந்து என்பது இரண்டாம் வகையினர் இட்ட பெயர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து அங்குக் குடியேறச் சென்ற 'சிவந்த எரிக்' என்பான், பெயர் நன்றாக இருந்தால் மக்கள் விரும்பி வருவர் எனக் கருதிப் 'பசுமை நாடு' என்று பெயர் சூட்டினான் என ஐஸ்லாந்தின் பழங்கதைகள் கூறும். ஐந்தில் நான்கு பங்கைப் பனிப்பாளம் மூடிய நிலத்திற்கு அப்பெயர்! குடியேற்ற விளம்பரங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்விளம்பர நடை மாறவில்லை. வடகோடி நிலங்களில் சுற்றுலாத் தொழிலுக்கு முதல் போடுமாறு அழைக்கும் எழுத்துகளில், 'கைபடாத நிலம்', 'ஆளில்லாப் பரப்பு' என்னும் தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிரீன்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 57,000 என்பது மெய். எனினும் குறைந்த மக்கள் வாழும் நிலம் வேறு. ஆளில்லா நிலம் வேறு. அம்மக்கள் தம் நாட்டைக் 'கலாலித் நுனாத்' என்பர்; 'கலாலித் மக்களின் நாடு' என்பது அதன் பொருள். அங்கு நிலத்தைத் தனியார் விலைக்கு வாங்க இயலாது. நிலம் பொதுவுடைமை, பயன்படுத்தும் உரிமை மட்டுமே வழங்கப்படும். ஆளில்லா நிலம் என்போர் இம்முதற் செய்தியையே மறைக்கின்றனர்.

அழைப்பு முற்றும் பொய் என்பதன்று. நகரங்களை இணைக்கும் சாலை அந்நாட்டில் இல்லை. கப்பலும் விமானமுமே வழி. 2024ஆம் ஆண்டு நவம்பரில் தலைநகர் நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்காவின் நியூவர்க் நகரிலிருந்து நேர் விமானம் வந்திறங்கியது. இலுலிசாத் நகருக்கு அருகிலுள்ள பனிக்கழிமுகம் 2004 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். வருவாய் தேடும் தேவையும் உண்டு. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீனும் இறாலுமே. அரசின் செலவில் ஏறக்குறைய பாதி டென்மார்க்கின் மானியத்தால் நடைபெறுகிறது. தன் காலில் நிற்க விரும்பும் நாடு வேறு தொழிலை நாடுவது இயல்பே.

ஆகவே ஆராய வேண்டியது, வரும் பணம் எங்கே தங்கும் என்பதாம். கப்பலில் வருவோர் கப்பலிலேயே உண்டு உறங்கித் திரும்பினால், ஊருக்குக் கூட்டம் மிஞ்சும், வருவாய் மிஞ்சாது. இதனை உணர்ந்தே கிரீன்லாந்தின் நாடாளுமன்றம் 2024ஆம் ஆண்டில் சுற்றுலாச் சட்டம் இயற்றியது. தொழில் நடத்தும் நிறுவனத்தின் பெரும்பங்கு அந்நாட்டில் வாழ்ந்து வரி செலுத்துவோரிடம் இருத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். முதலீட்டுக்குத் தடை எனச் சிலர் இதனைக் குறை கூறலாம். விருந்தினர் வரலாம், வீட்டின் திறவுகோல் மட்டும் வீட்டாரிடமே இருக்கும் என்பதில் குறை யாது?

'ஆளில்லா நிலம்' என்னும் சொல்லின் மறுபக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில் 206 பேருடன் சென்ற பயணக் கப்பல் ஒன்று வடகிழக்குக் கரையில் தரை தட்டி நின்றது. அண்மையில் உதவி இல்லை. மூன்று நாளுக்குப் பின் கிரீன்லாந்தின் மீன்வள ஆராய்ச்சிக் கப்பலே அதனை இழுத்து விடுவித்தது. தனிமையை விலை கூறுவோர், அத்தனிமையில் துன்பம் நேர்ந்தால் காப்போர் யார் என்பதையும் கூறுதல் கடன்.

எரிக்கின் வழியினர் வாழ்ந்த குடியிருப்புகள் பதினைந்தாம் நூற்றாண்டிற்குள் அழிந்தன. பனியோடு பழகிய இனுயித் மக்கள் நிலைத்தனர். டேனியர் 'நன்னம்பிக்கை' என்னும் பொருளில் 'கோட்ஹோப்' எனப் பெயரிட்ட தலைநகர், இன்று 'முனை' என்னும் பொருளுடைய 'நூக்' எனவே வழங்குகிறது. 2009 முதல் கலாலிசுத்தே ஆட்சிமொழி. நன்னம்பிக்கை என்னும் பெயர் ஆசையைச் சொல்லிற்று. முனை என்னும் பெயர் இடத்தைச் சொல்கிறது. நிலத்தின் உரிமை யாருடையது, வருவாய் யாரிடம் தங்கும், இடர் வந்தால் யார் காப்பர் என்னும் மூன்றுக்கும் விடை தராத முதலீட்டு அழைப்பு எதுவாயினும், அது எரிக் இட்ட பெயரின் மறுபதிப்பே ஆகும்.