தூதுக்கு ஒரு திணை

2025 மே 12, திங்கட்கிழமை. அழகர் ஆற்றில் இறங்கிய நாள். விடியலில் வைகைக் கரையில் நின்றுவிட்டு, பசுமலைக்குத் திரும்பி வந்து, சாப்பிட்டபின் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. மாலையில் முடிந்தபோது சென்செக்ஸ் மூவாயிரம் புள்ளிக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தது. இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மாலை, இந்தியாவும் பாகிஸ்தானும் தாக்குதலை நிறுத்த ஒப்புக்கொண்டிருந்தன. மாதாமாதம் என் சம்பளத்தில் ஒரு சிறு தொகை மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யுத்தம் நின்றதற்கா, யூனிட் விலை ஏறியதற்கா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சங்கடம்தான் இதை எழுத வைத்தது.

மறுநாள் வங்கியில் சாப்பாட்டு வேளையில் இதே பேச்சு. வெள்ளிக்கிழமை, 'இந்தத் தடவை முடித்துவிட வேண்டும்' என்று சொன்ன நண்பர், சந்தை சமாதானத்தைத்தான் விரும்புகிறது, பார்த்தீர்களா என்றார். தொழிற்சங்கத்துத் தோழர், ராணுவத் தளவாடக் கம்பெனிகளின் பங்குகளும் ஏறியிருப்பதைக் காட்டி, யுத்தத்தை விரும்புவது யார் என்று இதிலேயே தெரியவில்லையா என்றார். அமெரிக்க ஜனாதிபதியோ, வர்த்தகத்தைக் காட்டித்தான் இரு தரப்பையும் நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தார். டில்லி அதை மறுத்தது. இரு நாட்டுத் தளபதிகளின் அலுவலகங்களிலிருந்து இரண்டு அதிகாரிகள் சனிக்கிழமை மதியம் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள் என்பதும் பத்திரிகையில் இருந்தது. அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. யுத்தத்தை ஆரம்பித்ததும் பொருளாதாரம், நிறுத்தியதும் பொருளாதாரம். நடுவே பேசியவர்கள் வெறும் கருவிகள்.

நம் விமர்சகர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பது என் புகார்.

இரண்டு பரம்பரைகள். வர்த்தகம் மனிதர்களை மென்மையாக்கும் என்று 1748இல் மாண்டெஸ்க்யூ எழுதினார். யுத்தத்தில் ஜெயித்தவனுக்கும் லாபமில்லை என்று நார்மன் ஏஞ்சல் கணக்குப் போட்டுக் காட்டிய புத்தகம் உலகம் பூராவும் விற்றது. 1914இல் லாபமில்லாத அந்த யுத்தம் வந்தது. 1933க்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்குக் கொடுக்கப்பட்டது. மறுபக்கம் லெனின், 1916இல் எழுதியது: மூலதனம் உலகைப் பங்குபோட்டு முடித்தபின் மறுபங்கீட்டுக்கு யுத்தம் தவிர்க்க முடியாதது. எது சரி என்பது இங்கு என் பிரச்னை அல்ல. இரண்டு கட்டிடத்திலும் தூதன் உட்கார நாற்காலி இல்லை. ஒன்றில் லாபமே பேசிக்கொள்ளும். மற்றதில் பேசிப் பிரயோஜனமில்லை.

புறநானூற்றை வாசிக்கும்போது இவ்விரண்டும் என்ன செய்கின்றன? கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வந்த பிறகு 'வீரயுகம்' என்ற சொல் நம்மிடம் நிலைத்துவிட்டது. அது செய்த நன்மையை மறுக்கமாட்டேன். மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த சங்ககாலப் பெருமையைக் கீழே இறக்கி, பாணனின் பசியை நமக்குக் காட்டியது. ஆனால் அவருக்குப்பின் அச்சொல்லைச் சூத்திரமாக்கிக்கொண்டவர்களுக்குப் புலவன் என்றால் தலைவனை அண்டிப் பிழைப்பவன், அவ்வளவுதான். அவன் சமாதானம் பேசினாலும் அது புரவலனின் சொத்தைக் காப்பாற்றும் பேச்சு. எதிர்த்தரப்பில், யவனப் பொன்னையும் முசிறி மிளகையும் பேசிப் பேசி, நாம் வணிகக் குடி, ஆகவே அமைதிக் குடி என்று நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி ஆண்டு மலர்களில் இவர்களை நிறையப் பார்க்கலாம்.

இவர்கள் மதுரைக்காரர்களாக இருந்தால் முதலில் மதுரைக்காஞ்சியைப் படிக்க வேண்டும். பத்துப்பாட்டில் அதுதான் நீளமானது, 782 அடி. நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் இரவுக் கடையுமாக ஊரின் இரைச்சலை மாங்குடி மருதனார் பதிவு செய்திருப்பது நமக்கெல்லாம் தெரியும். பாடப்புத்தகங்களும் அந்தப் பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கடைவீதிக்கு வருவதற்கு முன்பே, தலையாலங்கானத்தில் வென்ற அதே நெடுஞ்செழியன் பகைவர் நாட்டை எரித்துப் பாழாக்கியது பாட்டில் வந்துவிடுகிறது. எரிந்த ஊரும் நிறைந்த கடையும் ஒரே பாட்டில், ஒரே அரசனுக்குச் சொல்லப்படுகின்றன. பட்டினப்பாலையிலும் இப்படித்தான். புகார்த் துறைமுகத்தில் புலிமுத்திரை வாங்கிக் குவிகிற மூட்டைகளும், கரிகாலன் அழித்த ஊர்களும் தூரத்தில் இல்லை. வணிகம் வளர்ந்தால் வாள் துருப்பிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கவிஞர்களிடம் ஆதாரம் கிடைக்காது. யுத்தம் கடைவீதிக்காகவே நடந்தது என்பதற்கும் கிடைக்காது. மருதனார் நிலையாமையைச் சொல்ல வந்தவர்; பாட்டின் பெயரிலேயே காஞ்சி இருக்கிறது. செழியனிடம் அவர் லாப நஷ்டம் பேசவில்லை. உனக்கு முன்பும் பெரிய அரசர்கள் இருந்தார்கள், போய்விட்டார்கள் என்கிறார்.

பசுமலையில் வசிப்பவன் புறத்திணை பற்றிப் பேசும்போது நாவலர் சோமசுந்தர பாரதியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1959இல் மறையும்வரை அவர் இந்த ஊர்க்காரர். வக்கீல், வ.உ.சி.யின் நண்பர், கப்பல் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே ஒரு கம்பெனி இன்னொன்றைக் கொல்லப் பார்க்கும் வர்த்தக யுத்தத்தைத் தூத்துக்குடியில் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கக் கூடியவர். அவர்தான் பிற்காலத்தில் தொல்காப்பியப் புறத்திணையியலுக்குப் புத்துரை எழுதினார். அவருடைய எல்லா முடிவுகளும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் பழைய உரைகாரர்களைக் கும்பிட்டு ஒதுங்காமல் சூத்திரத்தை நேரே எதிர்கொள்ளலாம் என்ற தைரியம் அவரிடமிருந்து வந்தது.

அப்படி எதிர்கொண்டால் தெரிவது: தொல்காப்பியர் யுத்தத்தின் காரணங்களை ஒன்றாக்கவில்லை. வெட்சியில் ஆநிரை. வஞ்சியில் மண்மேல் ஆசை. இவை இரண்டும் பொருளாதாரம்தான், எந்த மார்க்ஸியரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் தும்பைக்கு வரும்போது வலிமைதான் பொருள் என்று சொல்லிவிடுகிறார். மாடும் இல்லை, மண்ணும் இல்லை. யார் பெரியவன் என்பதற்காக ஒரு யுத்தம். அதற்குத் தனித் திணை. பொருளாதாரக் காரணத்தை ஒப்புக்கொண்டு, அதுவே எல்லாம் அல்ல என்றும் சொல்கிற இந்த நிதானம் நம் இரு தரப்புக்கும் இல்லை.

ஆனால் ஏழு புறத்திணைகளில் தூதுக்கென்று ஒன்று இல்லை. தலைவன் வீட்டைப் பிரிந்து போகும் காரணமாக, கல்வியோடும் போரோடும் சேர்த்து, அகத்திணையியலில் தூது வருகிறது. வள்ளுவர் பொருட்பாலில் ஓர் அதிகாரமே கொடுத்தார். புறத்தில் இடமில்லாததால் புறநானூற்றுக்குத் திணையும் துறையும் குறித்தவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். உறையூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டிருக்க, கோவூர் கிழார் இருவரையும் பார்த்துப் பேசும் 45ஆம் பாட்டைத் துணைவஞ்சி என்று குறித்திருக்கிறார்கள். வஞ்சி மண்ணாசையின் திணை. சமாதானம் பேசுவது மண்ணாசையின் உட்பிரிவாகிவிட்டது! நம் வங்கிப் பேரேட்டில் எங்கும் அடங்காத தொகையை 'பலவகை' என்ற தலைப்பில் போட்டுவைப்போம். அதைவிட மோசம் இது.

கோவூர் கிழார் என்ன சொன்னார்? இரண்டு பேரும் சூடியிருப்பது ஆத்திமாலை. பனையும் இல்லை, வேம்பும் இல்லை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் ஜெயிப்பது நடக்காத காரியம். மற்ற வேந்தர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இதில் செலவுக் கணக்கு எங்கே இருக்கிறது? அவருக்குச் செலவுக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆவூர் முற்றுகையின்போது அடைத்துக்கிடந்த நெடுங்கிள்ளியிடம் பட்டினி யானையையும் பாலில்லாத குழந்தையையும் காட்டி, ஒன்று கதவைத் திற, இல்லை வெளியே வந்து போரிடு என்று கடிந்தவர்தான். கணக்குப் பேச வேண்டிய இடத்தில் கணக்கு, வெட்கப்படுத்த வேண்டிய இடத்தில் வெட்கம். இரு பக்கமும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடிந்தவர். இளந்தத்தன் என்ற புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தபோது ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போக, இவர் குறுக்கே நின்று சொன்ன நியாயம் 47இல் இருக்கிறது: நாங்கள் பறவைபோல் நாடு கடந்து வாங்குகிறோம், சுற்றத்தை ஊட்டுகிறோம், சேர்த்துவைப்பதில்லை. எல்லையைக் கடக்கும் உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தூதன் சொல்லும் வாக்குமூலமாகவே இதை வாசிக்கிறேன். பிழைப்புக்குக் கை நீட்டுகிறவன் என்ற உண்மை அங்கே மறைக்கப்படவில்லை. அந்த உண்மையின்மேல் நின்றுதான் பேசுகிறார்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையின் பாட்டு, 95, நமக்கெல்லாம் பழகிப்போனது. பழகியதாலேயே நான் அதைச் சரியாக வாசித்ததில்லை. கீ லோன் கொடுத்த ஒரு வத்தல் கிடங்கைப் பார்வையிட ஒருமுறை மேலாளருடன் போயிருந்தேன். சாவி எங்களிடம். வாசலில் வங்கியின் பெயர்ப்பலகை. உள்ளே மூட்டைகள் வரிசை கலையாமல் இருந்தன. மேலாளர் சந்தோஷமாக எண்ணினார். வெளியே வந்தபின் கிடங்குக்காரர் மெல்லச் சொன்னார்: 'சார், அசையாம இருக்குன்னா விக்கலைன்னு அர்த்தம்.' ஔவை தொண்டைமானின் ஆயுதசாலையில் பார்த்தது அந்தக் கிடங்கை. பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு இருக்கிற இருப்பு. எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். அத்தோடு நிற்காமல், அவன் உண்டானால் ஊட்டுவான், இல்லையென்றால் இருப்பதைப் பகிர்ந்து உண்பான் என்று முடிக்கிறாள். ஆயுதமோ சோறோ, அவனிடம் எதுவும் இருப்பில் இல்லை. ஆயுதசாலையின் செழிப்பைப் பலம் என்று நம்புகிறவனிடம் அந்தச் செழிப்பையே புகழ்ந்து அவனைக் கலங்கவைக்கிறாள். துறை: வாள்மங்கலம். வாளைப் புகழ்ந்த பாட்டாம்!

தொழிற்சங்கத் தோழரிடம் இதையெல்லாம் சொன்னபோது, பழைய பாட்டை விடுங்கள், நம் காலத்தில் சொத்தைச் சார்ந்து நில்லாத தூது ஒன்றைக் காட்டுங்கள் என்றார். ராஜாஜியைச் சொன்னேன். 1959இல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தவர், தனியார் தொழிலின் வக்கீல். 1962 செப்டம்பரில், 83 வயதில், அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்க வாஷிங்டனுக்குப் போய்க் கென்னடியைப் பார்த்தார். 1964இல் பாகிஸ்தானோடு சமரசம் தேடிய ஷேக் அப்துல்லாவின் முயற்சியை ஆதரித்தார். தோழர் விடவில்லை. பாகிஸ்தான் அன்று அமெரிக்க முகாமில் இருந்த நாடு. 1962 அக்டோபரில் சீனா தாக்கியபோது அதே ராஜாஜி மேற்கு நாடுகளோடு சேரச் சொன்னாரே, அங்கே தூது எங்கே போயிற்று? அது நியாயமான கேள்வி. நான் பதிலுக்கு, சீனாவோடு பேசுங்கள் என்று சொல்லிச் சிறைக்குப் போன உங்கள் கட்சிக்காரர்கள், எதிரில் நின்றது சோஷலிச நாடாக இல்லாதிருந்தால் அதையே சொல்லியிருப்பார்களா என்று கேட்டேன். 1964இல் கட்சி உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அவர் மறுக்கவில்லை. எதிரியின் சொத்துடைமை நமக்குப் பிடித்திருந்தால் தூது, பிடிக்காவிட்டால் படை. அந்த வருஷங்களில் இரு தரப்பும் பெரும்பாலும் இப்படித்தான் தீர்மானித்திருக்கிறது. கென்னடியிடம் போனதை மட்டும் அந்தக் கணக்கில் என்னால் அடக்க முடியவில்லை. குண்டை நிறுத்து என்று தன் பக்கத்துக்காரனிடம் போய்க் கேட்டார். கோவூர் கிழாரின் பாட்டுக்குச் சற்றுக் கிட்டத்தில் வருகிற காரியம் அது.

தோழர் கடைசியாகக் கேட்டது, கோவூர் கிழார் பேசி என்ன ஆயிற்று என்று. 47ஆம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளிக்கு ஒரு அடைமொழி தருகிறது: காரியாற்றுத் துஞ்சிய. அவன் எங்கே செத்தான் என்று தெரிகிறது. யார் கையால் என்பது அதில் இல்லை.