தாத்தா பெட்டியில் ஒரு சரணடைவுச் சீட்டு

1944-இல் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மானியச் சிப்பாய்களுக்கு வீசிய 'பாசியர்ஷைன்' என்ற சரணடைவுச் சீட்டு அச்சுக்கலையின் அழகு. பத்திரத்தாள் போன்ற நுணுக்கமான பின்னணி, அமெரிக்க, பிரிட்டிஷ் அரசு முத்திரைகள், நேசப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் கையெழுத்து. இதைக் காட்டிச் சரணடைபவருக்கு உணவும் சிகிச்சையும் தர வேண்டும் என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் உத்தரவு. ஆளைக் கொல்லாமல் ஜெயிக்கப் பார்த்த காகிதம் என்பதாலேயே எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

போருக்குப் போய்வந்த தாத்தாவின் பெட்டியில் இப்படியொன்று கிடைத்தால், மடிப்புக் கோட்டைக் கவனியுங்கள். முதலில் கிழிவது அதுதான். அங்கே செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமற்ற உறையில், வெளிச்சம் படாமல், விரித்து வையுங்கள். எந்தப் படைப்பிரிவு, எங்கே கிடைத்தது என்று உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். தாத்தா இருக்கிறார் என்றால், இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.