முழு பலத்தோடு வாருங்கள்

எதிரில் நிற்பவர் மீது உங்கள் பலம் முழுவதையும் இறக்கலாம். அவரும் இறக்குவார். ஒருவர் தூக்கி எறியப்படுவார், தரை அதிரும். அடுத்த நொடி இருவரும் எழுந்து, குனிந்து வணங்கி, மறுபடி சட்டையைப் பிடிப்பார்கள். இதை நாள் தவறாமல், தலை நரைத்த பிறகும் செய்யலாம். நான் பழகிய சண்டைக் கலைகளில் இந்தப் பாக்கியத்தைத் தந்தது ஜூடோ ஒன்றுதான். அதனால்தான் இன்று இதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். எங்கள் பகுதியின் சொத்து அடிமுறை என்ற சண்டைக் கலை. ஆசான் முதலில் கையைத் தொடவே மாட்டார். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று காலைத்தான் பழக்குவார். பிறகு கம்பு, பூட்டு, பிரிவு. வர்மம் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் குணம் பார்த்துத்தான். அந்த மண்தரையில் பதிந்த சுவடு இன்றும் என் கால்களில் இருக்கிறது. அந்த ஆசானை நினைக்காமல் நான் ஜூடோ விரிப்பான மேட்டில் ஏறுவதில்லை. ஆனால் வர்ம அடியை முழுதாகப் போட்டுப் பார்க்க முடியுமா? கை பாதியிலேயே நின்றாக வேண்டும். கல்லூரிக் காலத்தில் கராத்தே கற்றேன். அங்கும் குத்து மூக்கின் நுனியில் நிற்கும். அந்தக் கட்டுப்பாடு அழகுதான், மறுக்கவில்லை. இருந்தாலும், முழு மூச்சாக எதிர்க்கும் ஆளிடம் இது செல்லுபடியாகுமா என்ற கேள்வி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பதில் ஒரு ஜூடோ மேட்டில் கிடைத்தது. துணை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அவர் கற்பித்தது விழுவதை மட்டும்தான். பின்பக்கம், பக்கவாட்டில், முன்னால் உருண்டு என்று விழுந்துகொண்டே இருந்தோம். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது. உடம்பு விழும் அதே கணத்தில் முழுக்கை மேட்டில் அறைய வேண்டும். விழும் வேகம் ஓரிடத்தில் இறங்காமல் பரவிவிடும். இதற்கு உகேமி என்று பெயர். எறிபவருக்குத் துணிச்சல் தருவதே எதிராளியின் உகேமிதான். அவருக்கு விழத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே நாம் முழு பலத்தோடு எறிய முடியும்!

விழக் கற்ற பிறகு ராண்டோரி. முன்கூட்டிப் பேசிவைக்காத, இருவரும் உண்மையாகவே எறியப் பார்க்கும் பயிற்சி. எனக்கு வாய்த்தவர் என்னைவிட இருபது கிலோ குறைவான ஓர் அக்கா. அவர் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து லேசாகத் தள்ளினார். நான் எதிர்த்துத் தள்ளினேன். அவ்வளவுதான், என் தள்ளலையே வாங்கிக்கொண்டு திரும்பி, முதுகில் ஏற்றி, செயோ நாகே! கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தேன். ஒரு வலியும் இல்லை. என் உடம்பெல்லாம் ஆனந்தம். இத்தனை வருஷம் தேடிய பதில் இதுதான் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஜூடோவை யோசித்து உருவாக்கிய மனிதரை எண்ணினால் கைகூப்பத் தோன்றுகிறது. 1860இல் பிறந்த ஜிகோரோ கானோ சிறிய உடம்புக்காரர். பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் சிக்கித் தவித்தவர். தென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு ஜுஜுட்சு மரபுகளைக் கற்றார். ஒருநாள் கிட்டோ குருவான இக்குபோவோடு பழகும்போது, வழக்கத்துக்கு மாறாக, குருவையே எறிய முடிந்தது. ஆளின் நிலையை முதலில் குலைத்துவிட்டுப் பிறகு எறிய வேண்டும் என்று தான் ஆராய்ந்து கண்டதே காரணம் என்று கானோ பதிவு செய்திருக்கிறார். அந்த நிலைகுலைப்புக்கு மேட்டில் நாங்கள் சொல்லும் பெயர் குஸுஷி. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுக்காத பாடம் அது.

1882இல், டோக்கியோவின் எய்ஷோஜி கோவிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில் அவர் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அடிகளையும் ஆளை முடமாக்கும் உத்திகளையும் அவர் தூக்கி எறியவில்லை. கட்டா என்ற ஒழுங்குபடுத்திய பயிற்சிக்குள் பத்திரமாக வைத்தார். மூட்டுப் பூட்டை ராண்டோரியில் முழங்கையோடு நிறுத்தினார்கள். தாங்க முடியாவிட்டால் கையால் தட்டலாம். தட்டிய நொடியே பிடியை விட வேண்டும். ஆபத்தானதை ஒதுக்கி வைத்ததால் மிச்சமிருப்பதை முழு வேகத்தில் பழக முடிந்தது. எத்தனை பெரிய மேதைமை! எங்கள் ஆசான்கள் வர்மத்தைக் கடைசிக்கு வைத்த அதே பொறுப்புணர்வை இதில் காண்கிறேன்.

பிறகு கோடோகானுக்கே போய் வந்தேன். ஏழாம் மாடியில் 420 பாய் விரிந்த பெரிய டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம். பள்ளிச் சிறுவர்கள், பல்கலைக்கழகப் புலிகள், என் அப்பா வயதுப் பெரியவர்கள், எல்லாரும் ஒரே தளத்தில். அப்படியொரு பெரியவர் என்னை ராண்டோரிக்கு அழைத்து, தோளைக்கூட இறுக்காமல், கால் நுனியால் என் பாதத்தை வழித்துவிட்டார். தே ஆஷி பராய். நான் பாதத்தை ஊன்றப்போகும் கணம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத பாடம்.

என்னிடம் பழகும் பெண் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வது கெய்கோ ஃபுகுடாவின் கதை. கானோவின் முதல் ஜுஜுட்சு குருக்களில் ஒருவரின் பேத்தி. ஐந்தடிகூட இல்லாதவர். 1935இல் கோடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். கறுப்புப் பட்டையின் தரமான டானில், பெண்களுக்கு ஐந்தாவதுக்கு மேல் கிடையாது என்ற நிலையில் நீண்ட காலம் நிறுத்தப்பட்டார். ஆனாலும் மேட்டை விடவில்லை. 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் அளித்தது. இதைக் கேட்ட பிறகு எங்கள் பிள்ளைகள் தூணில் கட்டிய சைக்கிள் டியூபை இழுத்து உச்சிகோமி அடிக்கும் வேகமே தனி. உச்சிகோமி என்பது எறிவதற்கு முந்தைய நுழைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவது.

நம் நாட்டுக்கும் ஜூடோவுக்கும் உள்ள உறவு பழையது. 1929இலேயே தாகூர், ஷின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2024இல் நடந்தது: பாரிஸ் பாராலிம்பிக்கில், 60 கிலோ பிரிவில், மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஆட்டத்தில் இருவரும் சட்டையைப் பிடித்த பிறகே ஆட்டம் தொடங்கும். மற்றபடி எறிதல் அதேதான், ஆட்டத்தை முடிக்கும் முழுப் புள்ளியான இப்பானும் அதேதான். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கண் சொல்வதில்லை, பிடித்த கைதான் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ராண்டோரி செய்யச் சொல்லி என் மாணவர்களைப் பழக்குகிறேன். கண் தெரிந்தவர்களின் கையும் அப்போதுதான் விழிக்கிறது.

உங்கள் ஊர் விளையாட்டு அரங்கில் ஜூடோ மேட் இருக்கிறதா என்று இந்த வாரமே போய் விசாரியுங்கள். பிள்ளையை மட்டும் சேர்த்துவிட்டு வெளியே உட்காராதீர்கள், நீங்களும் சேருங்கள். மூட்டு, முதுகுத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். நகத்தை வெட்டி, மோதிரம், செயினைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் ஏறுங்கள். முதலில் விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். அவசரப்படாமல் அதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.