மூன்று கம்பிகளின் ஒழுங்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோலும் ஷூவும்தான் நினைவுக்கு வரும். ஷூவின் சோலுக்கு அலுமினிய அச்சு கடைகிற சிஎன்சி மில்லிங் மெஷினை விடவும் எனக்குப் பிடித்தது, அதை ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட்.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 50 சுற்று. ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளி. சிங்கிள் பேஸில் சக்தி நொடிக்கு 100 முறை தணிந்து எழும். இங்கே ஒரே உரலில் மூன்று பேர் முறைவைத்து உலக்கை போடுவதுபோல, ஒன்று தணியும்போது மற்றவை தாங்கிக்கொள்கின்றன. மொத்த சக்தி சீராக நிற்கிறது.

சிக்கனமும் உண்டு. பவர் ஃபேக்டர் 0.85 என்றால், 7.5 கிலோவாட் சுமைக்கு 230 வோல்ட் சிங்கிள் பேஸில் சுமார் 38 ஆம்பியர் வேண்டும். 415 வோல்ட் த்ரீ பேஸில் கம்பிக்குச் சுமார் 12 போதும்.

தோல் பதனிடும் பெரிய டிரம்மை மெதுவாக உருட்டுவதும், மில்லிங் ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றுவதும் இதே கரண்ட்தான். இந்த ஊர்களின் கைத்திறனைப் பாராட்டும்போது இதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.